சொந்தமா, பொதுவா?

தட்டச்சு என்பது, மற்றவர்கள் வாயால் சொல்லக் கூச்சப்படுகிறதை நாம் கூச்சப்படாமல் விரலால் சொல்லிக் கொடுக்கிற தொழில். நிவித்திகல பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் பல வருடம் நான் செய்தது அதுதான். போட்டோ கொப்பி, ஃபெக்ஸ், வெளிநாட்டுக் கோல், மூன்று மொழியிலும் டைப். கடை மாவனல்லைக்காரர் நிஸ்தார் நானாவுடையது (நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்). மெஷின் அவருடையது, விரல் என்னுடையது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து ஆங்கிலத்தில் டைப் அடிக்கிற பெண் அந்த டவுனில் அப்போது நான் ஒருத்திதான் என்பதை மிக அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அடக்கம் போதவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வந்த அளவு அவ்வளவுதான்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துத் துப்பி, 'நான்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல் வராமல் எழுந்து போனவர்கள் எல்லாரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிளின் நன்மைகள்

ஏழைப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு பட்டப்படிப்புக்கு இடம் கொடுக்கிற ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் விளம்பரம் பத்திரிகையில் வர ஆரம்பித்த பிறகு, எங்கள் கடைக்குப் புதுவகை வாடிக்கையாளர்கள் வந்தார்கள். விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். ஐந்நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. தலைப்பு இரண்டு வகை. உன் வாழ்க்கையில் நடந்ததைப் பற்றி எழுதலாம், அல்லது எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பற்றி எழுதலாம். படிவத்தில் இரண்டு சின்னக் கட்டம் இருக்கும், ஒன்றில் சரி போட வேண்டும். ஆகவே என் முன்னால் கதிரையில் உட்கார்ந்த எவரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, சொந்தமா, பொதுவா என்பதுதான்.

முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் பொது என்பார்கள். ஒரு பையன் துவிச்சக்கர வண்டியின் நன்மைகள் என்று எழுதிக்கொண்டு வந்தான். உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அவன் இருக்கிற மலையில் சைக்கிள் ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது ஆள் மிஞ்சாது. பிறகு ஏன் இதை எழுதினாய் என்று கேட்டதற்கு, என் அறியாமையைப் பொறுத்துக்கொள்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"இது ஸ்கூல்ல எழுதி நல்ல மார்க் வாங்கினதுங்க மிஸ். என்னைப் பத்தி எழுதினா மார்க் போடுறதுக்கு என்ன இருக்கு?"

கொழுந்து எடுப்பவர் இல்லாத தேயிலை

புனிதா வந்த வருடத்தில் நடந்தவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு மேட்டுத் தோட்டத்துப் பெண் அவள். உயர்தரப் பரீட்சையில் நல்லபடி பாஸ், ஆனால் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் போதவில்லை. அப்பா செல்வராஜ் ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுத்தவர், கால் வீங்கி மலை ஏற முடியாமல் நின்றுவிட்டார். அவர் இடத்தில் புனிதாவின் பேரைச் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவில் பதியும்படி கணக்கப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. கல்லூரிப் பதில் வரும்வரைக்கும் மட்டும் பொறுப்பதாக அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். இடம் கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் அம்மாவின் கூடை. கூடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் அம்மா சுமந்த கூடையில்தான் நான் டைப் படித்தேன். ஆனால் புனிதாவுக்குச் சுகாதாரம் படித்து, அம்மாவின் கால் மாதிரிக் கால்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குத் தோட்டத்தில் இடம் இல்லை.

அவள் கொண்டுவந்த கட்டுரை இலங்கையின் தேயிலைக் கைத்தொழில். கையெழுத்து அச்சு மாதிரி. மண், மழை, உயரம், ஏற்றுமதியாகும் நாடுகள் எல்லாம் இருந்தன. கொழுந்து எடுக்கிறவர் மட்டும் இல்லை. தேயிலை தானே நடந்து போய்ப் பெக்டரியில் விழுந்த மாதிரி எழுதியிருந்தாள். நிஸ்தார் நானா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதப் படிச்சா தேத்தண்ணி குடிக்கோணும் போல ஈக்கி, புள்ளய எடுக்கோணும் போல இல்ல" என்றார். நானும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லி, பொதுவை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுது என்றேன். அதுவரை தலையைக் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"லயத்துல ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவர், கூரை வரைக்கும் போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மிஸ்? என் கதையை எழுதினா பக்கத்துக் காம்பராக் கதையும் சேர்ந்து வந்துடும். அது அவங்களோடது, நான் எப்படிங்க எடுக்கிறது?"

கல்லூரித் துரை அவர்களுக்கு

தோட்டத்தில் காகிதத்தில் எதை எழுதினாலும் அது பெட்டிஷன்தான். கூரைத் தகரத்துக்குப் பெட்டிஷன், தண்ணீர்க் குழாய்க்குப் பெட்டிஷன், கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டுப் பெட்டிஷன். எழுதுகிறவர் தலைவர், அதாவது அந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவர். எனவே ஒரு பையனுக்கு ஐந்நூறு சொல்லில் ஒன்று எழுத வேண்டும் என்றதும், அவன் அப்பா நேராகத் தலைவரிடம் போயிருக்கிறார். தலைவரும் தட்டாமல் எழுதிக் கொடுத்து, டைப் அடிக்கையில் பிழை வரக் கூடாதென்று கூடவே வந்துவிட்டார்.

'மேன்மை தங்கிய கல்லூரித் துரை அவர்களுக்கு' என்று ஆரம்பம். பொது என்பதைத் தலைவர் பொதுக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தார். கீழ் லயத்துக்குக் கூரை, பிள்ளைமடுவத்துக்குத் தொட்டில், மலசலகூடத்துக்குக் கதவு, ஆற்றைக் கடக்க ஒரு பாலம், கடைசி வரியில் இந்தப் பையனுக்குப் படிக்க ஓர் இடம். அதன் கீழே லயத்துக்காரர்கள் எல்லோருடைய கையெழுத்தும் கைநாட்டும். ஐயா, ஒரு கல்லூரியால் பாலம் கட்ட முடியாது என்று நான் மெல்லச் சொன்னேன். தலைவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அது என்னுடைய பேனா.

"கேட்டு வைப்போம் மிஸ். ஒண்ணை மட்டும் கேட்டா ஒண்ணும் தர மாட்டாங்க, அது எல்லாத் துரைமாருக்கும் உள்ள குணம்."

உயிரோடு இருந்த அப்பா

சொந்தக் கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வியாதி. கண்ணீர் கூடினால் இடம் நிச்சயம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ரவி என்ற பையன் எழுதியதை அடிக்கும்போது நானே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பா குடித்துக் குடித்துச் செத்துப்போகிறார். அம்மா மழையில் நனைந்து விறகு சுமக்கிறார். ரவி தெருவிளக்கின் கீழே படிக்கிறான். தோட்டத்தில் தெருவும் இல்லை, விளக்கும் இல்லை என்பது அடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டைப் அடித்த பிறகு ஒரு தடவை தமிழில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள், புனிதாவும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேயிலையைத் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பாவின் சாவை நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, ரவி மேசைக்கு அடியில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்து போனான். பின்னால் அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி எடுக்க வந்து நின்றவர்தான் செத்துப்போன அப்பா. புனிதா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அட்டையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினார்.

"செத்ததாப் போட்டது பரவாயில்லைங்க மிஸ், படிப்புக்குத்தானே. ஆனா குடிச்சுச் செத்தேன்னு வேணாம். காய்ச்சல்னு மாத்திடுங்க."

இரவல் கேட்டவன்

ரிஸ்வி நிஸ்தார் நானாவின் அக்கா மகன். மாவனல்லை டவுனில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. அந்தக் கல்லூரிக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது, ஆனால் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியும் அதே மாதிரிக் கட்டுரை கேட்டிருந்தது. மாமாவின் கடையில் இதற்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று பஸ் ஏறி வந்துவிட்டான். பிள்ளை நல்ல பிள்ளை, வரும்போதே வாழைப்பழச் சீப்போடு வந்தான். சொந்தமா, பொதுவா என்றேன். சொந்தம்தான், ஆனால் ஒரு சிக்கல் என்றான். "எங்களுக்குக் கஷ்டமெண்டு ஒண்டுமே இல்ல மிஸ். உங்கட தோட்டத்துல நிறைய ஈக்கிம்தானே, அதுல ஒண்டு தாங்களேன்."

எனக்குக் கோபம் வந்தால் விரல் மெஷினை விட்டு எழும்பிவிடும். தம்பி, எங்கள் கஷ்டத்தை மட்டும் தனியாகக் கழற்றித் தர வழி இல்லை என்றேன். அதைக் கேட்டால் கூடவே என் அம்மாவின் வாய்த்துடுக்கும் வரும், தீபாவளிக்கு லயம் முழுக்க ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட சந்தோஷமும் வரும், அதையெல்லாம் உன் ஐந்நூறு சொல்லில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பழத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், நானா அதற்குள் இரண்டைத் தின்றுவிட்டார். ரிஸ்வியின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து அவர்தான் நடுவில் வந்தார்.

"டேய், கஷ்டம் இல்லாதது ஒரு குத்தமில்ல. கடக்காரன்ட மகன் ஒண்டும் தெரியாம எப்பிடி வளந்தானெண்டு எழுது, அதுவும் உண்மதானே."

சுவர் மேல் ரேடியோ

நானா சொன்னது ரிஸ்விக்கு உதவியதோ என்னவோ, எனக்கு உதவியது. சொந்தக் கதை என்றால் கண்ணீர்க் கதை என்று நானும் அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை புனிதா வந்தபோது கஷ்டத்தைக் கேட்கவில்லை. உன்னிடம் நீ பெருமைப்படுகிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "என் இங்கிலீஷ்தான் மிஸ்" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். பக்கத்துக் காம்பரா ராமையா மாமா என்றாள். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்றேன். ஒரு எழுத்தும் தெரியாதாம்.

ராமையா ரப்பர் பெக்டரியில் ஷீட் உருட்டுகிறவர். அவரிடம் ஒரு ரேடியோ. சாயங்காலம் ஒரு அலைவரிசையில் தமிழ்ப் பாட்டு வரும் நேரத்தில்தான் இன்னொன்றில் ஆங்கிலச் செய்தி வரும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் புனிதா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, மாமா அந்த இங்கிலீஷ்காரரைக் கொஞ்சம் பேச விடுங்க என்று கத்தியிருக்கிறாள். அன்றையிலிருந்து அவர் பாட்டை விட்டுவிட்டார். ரேடியோவைத் தூக்கிச் சுவரின் உச்சியில் வைத்து, அதன் முகத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டார். செய்தி முடிந்ததும் சுவருக்கு மேலாக, இன்னைக்கு உலகத்துல என்ன நடந்துச்சு என்று கேட்பார். அவள் தமிழில் சொல்வாள். தெரியாத சொல்லைப் பள்ளிக்கூட அகராதியில் தேடி மறுநாள் திருத்திச் சொல்வாள். அவர் மட்டுமில்லை, லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் பிழையாகச் சொல்லப் பயமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பெருமை என்றால் பெருமை, நானே அந்த லயத்தில் பிறந்த மாதிரி. இதை எழுது, இப்போதே எழுது என்று தேயிலைக் கைத்தொழிலைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். நானாவும் பேசாமல் போய் வெள்ளைத் தாள் எடுத்து வந்து வைத்தார். புனிதா எழுதத் தொடங்கும் முன் ஒன்று சொன்னாள்.

"சுவர் முழுசா இருந்திருந்தா எனக்கு இங்கிலீஷ் வந்திருக்காது மிஸ். ஆனா சுவர் முழுசா இருக்கணும்னுதான் எங்க எல்லாருக்கும் ஆசை. ரெண்டையும் எழுதலாமா?"

லயம் திரண்டு வந்தது

எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார், நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே திருத்து என்று சொல்லி அனுப்பினேன். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற புத்திதான். லயக்காம்பராவில் சத்தமாக வாசிப்பது என்றால் என்ன என்று, லயத்தில் பிறந்த எனக்கே அப்போது மறந்துபோய்விட்டது. அவள் அம்மாவுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்திருக்கிறாள். சந்தை நாளன்று கடை வாசலில் ஒரு கூட்டம். மிளகாய்ப் பையும் கருவாட்டுப் பொட்டலமுமாக, கட்டுரையைத் திருத்த லயமே வந்திருந்தது.

குழாயடிச் சண்டை வருகிற வரியை எடுத்துவிட வேண்டும் என்று ஒருவர். எடுக்கக் கூடாது, அதில் தன் பக்கம்தான் நியாயம் என்று இன்னொருவர். என் மகன் பேரும் ஒரு மூலையில் வரட்டுமே என்று ஒரு தாய். பாக்கியம் அக்கா என்பவர் எல்லாரையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நியூஸ் நேரத்துல நாங்க யாரும் சட்டி தேய்க்க மாட்டோம், புள்ளைங்களை அழ விட மாட்டோம். இவளுக்கு கேக்கணுமேன்னு. அதை எழுதலையே" என்றார். புனிதாவுக்கே அது தெரியாது. லயம் அந்த நேரத்தில் இயல்பாகவே அமைதியாகிவிடும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த இடத்திலேயே தாளை வாங்கி அந்த வரியைச் சேர்த்தாள். கையெழுத்து முதல் தடவையாகக் கோணலாகப் போனது. அதற்கு இடம் விட்டுக் குழாயடிச் சண்டை தானாக வெளியே போயிற்று.

ராமையா மாமா அதுவரை கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாரும் படியிறங்கிய பிறகு திரும்பி வந்தார். பெரிய மனக்குறையோடு வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பழைய ரேடியோன்னு எழுதியிருக்காளாம். அது பழசு இல்லைங்க மிஸ், கீறல் விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

இரண்டு கட்டம்

ஃபெக்ஸ் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் புனிதாவோடு அவள் அப்பா செல்வராஜ் வந்தார். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார், கையில் ரப்பர்ப் பால் காய்ந்து தோலாக ஒட்டியிருந்தது. அவருக்குக் கட்டுரை பிடிக்கவில்லை. சுவர் பாதியோடு நிற்கிறது என்று வெளிநாட்டுக்கு எழுதினால் அது தோட்டத்துத் துரை காதுக்கு வராதா, காலமும் சரியில்லை, போகிற வழியெல்லாம் செக்பொயின்ட், நமக்கேன் வம்பு என்றார். "உலக சமாதானம்னு எழுதினா யாருக்கும் கோவம் வராதுங்களே மிஸ்." அவர் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. அந்த யுத்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் பயப்படாத தகப்பன் இல்லை. "துரையைப் பத்தி ஒரு வரிகூட இல்லப்பா, ராமையா மாமாவைப் பத்தித்தான் இருக்கு" என்றாள் புனிதா. முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னார். உட்காராமல் நின்றே கேட்டார். முடிந்த பிறகு வெகுநேரம் கையில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்றார்.

இனி அனுப்ப வேண்டியதுதான் என்று படிவத்தை வாங்கிப் பார்த்தால், புனிதா இரண்டு கட்டத்திலும் சரி போட்டிருக்கிறாள். சொந்தத்துக்கும் ஒன்று, பொதுவுக்கும் ஒன்று, பேனாவால் அழுத்தமாக. ஒன்றை மட்டும் என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறது. வேறு படிவம் இல்லை. இன்றைக்குத் தவறினால் நாளைக்குக் கூடைதான். நானா வெள்ளை மைப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். புனிதா போத்தலைத் தொடவே இல்லை. "எதை அழிச்சாலும் பொய்யாப் போயிடும் மிஸ்" என்றாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அப்பாவைப் பார்த்து நீங்களாவது சொல்லுங்கள் என்றேன்.

"என் பேச்சையே கேக்காதவ, அந்தப் பேப்பர் பேச்சையா கேக்கப் போறா? அனுப்புங்க மிஸ்."

கெபின் கதவு

பதில் வருகிற வழியாக இல்லை. கணக்கப்பிள்ளை பேர் பதிய எப்போது வருகிறாய் என்று செல்வராஜைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவின் கூடையைப் புனிதாவே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு சரியில் ஒன்றை நான் என் கையாலேயே அழித்திருக்க வேண்டும் என்று நானாவிடம் சண்டை பிடித்தேன். அவர் ஒன்றும் செய்யாதவர், ஆனாலும் ஆள் வேண்டுமே. அப்போதுதான் எங்கள் கடை ஃபெக்ஸுக்கு ஒரு தாள் வந்தது. தொலைபேசியில் புனிதாவோடு பேச விரும்புகிறார்களாம்.

சொன்ன நாளில் அம்மா, அப்பா, ராமையா மாமா மூவரோடும் வந்தாள். எங்கள் கோல் கெபின் பலகையும் கண்ணாடியுமாக, கூரை வரைக்கும் அடைத்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, அதுதான் கடையின் பெருமை. புனிதா உள்ளே போய்க் கதவைத் திறந்தபடியே விட்டாள். மூடு என்று நான் சைகை காட்டினேன். தலையை ஆட்டினாள். மணி அடித்தது. கடையில் போட்டோ கொப்பி மெஷினைக்கூட நானா நிறுத்திவிட்டார். மறுபக்கம் பேசிய அம்மையார் எதை எதையோ கேட்டார், இவள் பதில் சொன்னாள். பிறகு ஒரு கேள்விக்கு மட்டும் திரும்பி எங்களைப் பார்த்தாள். ஏன் இரண்டு கட்டத்திலும் சரி போட்டாய், கவனப் பிழையா என்று கேட்டிருக்கிறார். புனிதா ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். பிழை இல்லை மேடம், எங்கள் லயத்தில் எனக்கு மட்டும் என்று எதுவும் நடந்ததில்லை, அதனால் எதில் போடுவது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை என்றாள்.

அப்புறம் ஒரு சிரிப்பு, ரிசீவரைத் தாண்டி எங்கள் வாங்கு வரைக்கும் கேட்டது. கேலிச் சிரிப்பா, சந்தோஷச் சிரிப்பா என்று கண்டுபிடிக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. புனிதா ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நானாதான் மெஷினை மறுபடி ஓடவிட்டுக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, கதவ மூடிப் பேசவும் எண்டு கெபின்ல ஒரு போர்ட் தொங்குது. அதக் கழட்டிப் போடு."

ஒரு டிக்கெட்

இடம் கிடைத்தது. முழுச் செலவும் அவர்களுடையது. அந்தத் தாள் ஃபெக்ஸிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கியபோது நான் அதைப் பிடித்து இழுத்து, ஓரத்தில் கொஞ்சம் கிழித்தும் விட்டேன். செல்வராஜ் கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பேர் பதிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அதைத் தன் வாயால் சொல்லவேண்டும் என்பதற்காகவே பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் எனக்கு மனக்குறை.

அவள் புறப்பட்ட காலையில் பஸ் நிலையத்தில் நிற்க இடம் இல்லை. அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனாலும் போகட்டும் என்று லயமே இறங்கி வந்திருந்தது, ஆண்கள் சலவைச் சட்டையும் பெண்கள் பொங்கலுக்கு எடுத்த சேலையுமாக. பாக்கியம் அக்கா பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாடு கட்டியிருந்தார், வழியில் ஒரு பட்டாளம் ஏறப் போகிற மாதிரி. நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப் போய் நின்றேன். அழக் கூடாது என்று தீர்மானித்துப் போனவள்தான், அழுதேன். வெட்கப்படவில்லை. இரத்தினபுரி பஸ் வந்து நின்றதும் எல்லாரும் ஒரேயடியாக அதன் வாசலை மொய்த்தோம். கண்டக்டர் பயந்துபோய், யார் யார் ஏறுவது, எத்தனை டிக்கெட் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். செல்வராஜ் மகளின் பெட்டியைப் படியில் தூக்கி வைத்துவிட்டு, முந்தைய நாள்வரை டவுனில் குரலை உயர்த்திப் பேசாத அந்த மனிதர், அவனுடைய சிங்களத்திலேயே, அவனைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும்தான் போறோம். டிக்கெட் ஒண்ணு போதும்."

நான் கடைக்குத் திரும்பியபோது, டைப் அடிக்கக் காத்திருந்த வாடிக்கையாளர் நானும் அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன் என்று நினைத்து வேறு கடை பார்த்துப் போயிருந்தார், அவர் நினைத்ததில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.